கால் முன்னே பிறந்தவளும் மஞ்சள் பூக் களிம்பும்

இந்த நாட்டில் ஒருவருக்கு அடிபட்டால் மருந்து கொடுப்பார்கள், தடவிவிட மாட்டார்கள். போன வாரம் கடைக்குப் போய்விட்டு இரண்டு கைகளிலும் பையோடு படியேறும்போது வழுக்கிவிட்டது. முழங்காலும் தோளும் நன்றாக அடி வாங்கின. சத்தம் கேட்டுக் கீழ் வீட்டு அம்மாள் ஓடி வந்தார். சிதறிய உருளைக்கிழங்குகளைப் பொறுக்கிக் கொடுத்தார். எலும்பு ஏதும் முறிந்ததா என்று கேட்டார், இல்லை என்றேன். தன் வீட்டுக்குப் போய் ஒரு டியூபைக் கொண்டு வந்து என் கையில் வைத்து, ‘ஆர்னிகா, ஒரு நாளைக்கு மூன்று தடவை’ என்று சொல்லிவிட்டு, கதவை மெல்லச் சாத்திக்கொண்டு போய்விட்டார். நல்ல மனுஷி. என் தோளின் பின்பக்கம் எனக்கு எட்டாது என்பது அவருக்கும் தெரியும். ஆனால் அடுத்தவர் முதுகில் கை வைப்பது இங்கே வைத்தியர் வேலை. சமையல் கரண்டியின் பின்புறத்தில் களிம்பைத் தடவி, கண்ணாடியைப் பார்த்துப் பூசிக்கொண்டேன். இத்தனை வருஷத்தில் இதில் நான் கெட்டிக்காரியாகிவிட்டேன்.

ஆர்னிகா என்பது ஒரு மஞ்சள் பூ. மலை ஏறிப் போனால் புல்வெளிகளில் கோடைக்காலத்தில் பூக்கும். நம் ஊர்ச் சாமந்தியை யாரோ அவசரத்தில் தொட்டுக் கலைத்துவிட்ட மாதிரி இருக்கும். அதை எண்ணெயில் ஊறவைத்து, மெழுகு சேர்த்துக் களிம்பாக்குகிறார்கள். மருந்துக் கடையில் டியூபில் கிடைக்கிறது. கிராமத்து வீடுகளில் காப்பித்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் ஜாடியில் இருக்கும். ரத்தம் கட்டிக் கன்றிப்போனால் அதுதான், விறகு பிளந்து தோள் வலித்தாலும் அதுதான். தோல் கிழிந்த இடத்தில் மட்டும் போடக் கூடாது. புதிதாக வரும் நம் ஆட்களுக்கு இந்தக் களிம்பு சுத்தமாகப் பிடிப்பதில்லை. ‘எரியவே இல்லைங்களே, இது எப்படி வேலை செய்யும்?’ என்று என்னிடம் கேட்பார்கள். கண்ணில் தண்ணீர் வரவழைக்காத தைலத்தை நாம் தைலம் என்றே ஒப்புக்கொள்வதில்லை. நான் மட்டும் முதல் நாளே ஒப்புக்கொண்டேன், ஏனென்றால் எங்கள் வீட்டுக் களிம்பும் எரியாது.

எங்கள் வீடு ஏற்காட்டுக்குப் பக்கத்தில் கிளியூரில். அப்பா ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். அம்மாவுக்கு எஸ்டேட்டில் உத்தியோகம் இல்லை, ஆனால் அப்பாவைவிட அம்மாவைத் தேடித்தான் அதிகம் பேர் வருவார்கள். காரணம், அம்மா காய்ச்சும் எருக்கம்பூக் களிம்பு. எங்கள் குளிருக்கு எருக்கு அவ்வளவாக வளராது. அப்பா சேலத்துக்கு வேலையாகப் போனால், திரும்பும்போது அடிவாரத்தில் இறங்கி, ஒரு மஞ்சப்பை நிறைய எருக்கம்பூ பறித்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறி வருவார். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவர்கள் அந்தப் பூவைப் பார்த்துவிட்டு, வீட்டில் ஏதாவது கெட்டதா என்று மெதுவாக விசாரிப்பார்கள். பிள்ளையார் கோயிலுக்கா என்று கேட்பவர்களும் உண்டு. நாங்கள் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் என்பதால் அப்பா இரண்டுக்கும் தலையை ஆட்டி வைப்பார்.

அம்மா காம்பைக் கிள்ளிப் பாலை வடியவிட்டு, பூவை நிழலில் வாட்டி, நல்லெண்ணெயில் சின்னத் தீயில் காய்ச்சி வடிகட்டுவாள். மலைத்தேன் கொண்டுவருகிறவர்களிடம் வாங்கிய மெழுகை அதில் கரைப்பாள். ஆறியதும் பழைய பவுடர் டப்பாக்களில் ஊற்றி வைப்பாள். அந்தப் பூ கீழேயிருந்து மேலே பஸ் ஏறி வந்தது. இங்கே ஆர்னிகா மலையிலிருந்து கீழே இறங்கி வருகிறது. மற்றபடி இரண்டு களிம்புக்கும் நிறத்தில்கூடப் பெரிய வித்தியாசம் இல்லை.

களிம்பு பாதி வைத்தியம்தான். மீதிப் பாதி நான்.

நான் கால் முன்னே வந்து பிறந்தவள். என்னை வெளியே எடுப்பதற்குள் மருத்துவச்சிக்கும் அம்மாவுக்கும் உயிர் போய் உயிர் வந்ததாம். அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. படிக்கிற உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். ஆறு வயதில் எனக்கு இந்த உத்தியோகம் கிடைத்துவிட்டது. காப்பிப் பழம் எடுக்கும் பருவத்தில் சரிவில் நின்று, கிளையை வளைத்து வளைத்து, இடுப்பில் கூடையோடு நாள் முழுக்க வேலை செய்யும் பெண்களுக்கு முதுகு பிடிக்காமல் என்ன செய்யும்? விடிந்ததும் விடியாததுமாக வாசலில் வந்து நிற்பார்கள். அவர்களில் அடிக்கடி வருபவர் மரகதம் அக்கா. ஒல்லியான உடம்பு, பழம் எடுப்பில் யாரும் அவரை மிஞ்ச முடியாது, அதனாலேயே முதலில் பிடித்துக்கொள்வதும் அவருக்குத்தான்.

‘ஏனுங்க ரைட்டரூட்டம்மா, பாப்பா எந்திரிச்சுதுங்களா? நொம்பப் புடிச்சுக்கிச்சுங்க. குனிஞ்சா நிமுர முடியல’ என்பார்.

அம்மா பாயை விரித்துப் போடுவாள். மரகதம் அக்கா குப்புறப் படுத்துக்கொள்வார். அம்மா களிம்பைச் சூடு பறக்கத் தேய்த்துவிடுவாள். பிறகு என்னைக் கூப்பிடுவாள். நான் வெறும் வயிற்றோடு, பல்கூடத் தேய்க்காமல் வந்து, வலது பாதத்தை அவர் இடுப்பில் வைத்து மேலிருந்து கீழாக மூன்று தடவை நீவ வேண்டும். மிதிப்பது என்று சொல்கிறோமே தவிர, பாரம் போடக் கூடாது. இருவருமே வாயைத் திறக்கக் கூடாது. முடிந்ததும் நான் குனிந்து அவர் தோளைத் தொட்டு என் இரு கண்களிலும் ஒற்றிக்கொள்வேன், பெரியவர்கள் மேல் கால் பட்டதற்காக. இப்படி மூன்று நாள். மூன்றாம் நாள் முடியும்வரை வந்தவர் இதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடக் கூடாது. எனக்கு நல்ல வார்த்தை சொல்லக் கூடாது, ஒரு மிட்டாய்கூடக் கொடுக்கக் கூடாது. சொன்னாலோ கொடுத்தாலோ பலிக்காது. மிட்டாய் விஷயத்தில் எனக்கு நெடுநாள் வருத்தம் இருந்தது.

இதையெல்லாம் நான் நம்பினேனா என்று கேட்டால், அப்போது நம்பினேனா இல்லையா என்று யோசித்ததே இல்லை. மிதித்தேன், அவர்கள் எழுந்து வேலைக்குப் போனார்கள்.

எழுபதுகளின் கடைசியில், மேற்கு ஜெர்மனியில் முதியோர் இல்லங்களுக்குப் பெண்கள் வேண்டும் என்று எங்கள் பங்குச் சாமியாருக்குக் கடிதம் வந்தது. ஒரு வருஷம் மொழி படித்துக்கொண்டு உதவியாளாக வேலை. அதில் ஆறு மாதம் பார்ப்பார்கள். பிடித்திருந்தால் மூன்று வருஷம் நர்ஸ் படிப்பு. நான் கையைத் தூக்கினேன். புலம்பெயர்ந்தவர்கள் எழுதும்போது மனசில்லாமல் போனேன், அழுதுகொண்டே போனேன் என்று எழுதுவதுதான் மரபு. நான் மனசோடுதான் போனேன். மலையைச் சுற்றிச் சுற்றி இறங்கும் பஸ்ஸில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வழியனுப்பக் கூட வந்து பின் சீட்டில் உட்கார்ந்திருந்த அம்மாவின் முகத்தைத் திரும்பிப் பார்த்தபோது மட்டும் கொஞ்சம் குற்ற உணர்வாக இருந்தது.

போய்ச் சேர்ந்த இடமும் மலைதான். எனக்கு அந்த ஊர் பிடித்துவிட்டது. பனி பிடித்தது, நேரத்துக்கு வரும் ரயில் பிடித்தது, ஒரு பெண் தனியாக நடந்தால் யாரும் எங்கே போகிறாய் என்று கேட்காதது மிகவும் பிடித்தது. அந்த ஆறு மாதத்தைத் தாண்டிவிட வேண்டும் என்பது ஒன்றுதான் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. தாண்டாவிட்டால் திரும்பிப் போய்க் கிளியூரில் முகத்தைக் காட்ட முடியாது என்பது ஒரு பக்கம். அதைவிட, வாழ்க்கையில் முதல்முறையாக நானே வேண்டும் என்று கேட்ட ஒன்று கை நழுவிப் போய்விடுமே என்ற பயம்.

இல்லத்தில் எங்கள் தளத்துக்குத் தலைமை நர்ஸ் ஷ்வெஸ்டர் ஹில்டே. நர்சுகளை அங்கே ஷ்வெஸ்டர், அதாவது சகோதரி என்றுதான் கூப்பிடுவார்கள். உயரமானவர், கண்டிப்பானவர், அநியாயம் செய்யாதவர். எனக்கு மொழியில் முட்டினால் உதவிக்கு வருபவர் ஏலியம்மா சேச்சி; எனக்கு எட்டு வருஷம் முன்பே கோட்டயத்திலிருந்து வந்த நர்ஸ். அவர் மலையாளமும் என் சேலத்துத் தமிழும் நடு வழியில் சந்தித்துக்கொள்ளும்.

ஐந்தாவது மாதம், நல்ல பனிக்காலத்தில், எங்கள் தளத்தில் இருந்த ஃப்ராவ் ஹூபர் என்ற பாட்டியம்மா வாசலில் உறைந்திருந்த பனியில் வழுக்கி விழுந்தார். எண்பது வயது. வாழ்நாளெல்லாம் மலை உச்சியில் மாடு வளர்த்தவர். படம் எடுத்துப் பார்த்ததில் எலும்பில் ஒன்றும் இல்லை. ஆனால் தொடையின் பக்கவாட்டில் நாவல்பழ நிறத்தில் கன்றிப்போய், இடுப்பு பிடித்துக்கொண்டு, திரும்பிப் படுக்கவே முடியவில்லை. கட்டிலோரத்து மேஜையில் ஆர்னிகா ஜாடி இருந்தது. காலையும் மாலையும் ஒருவர் கையுறை மாட்டிக்கொண்டு வந்து அதைப் பூசுவார். அரை நிமிஷ வேலை. பூசி, போர்வையை இழுத்துவிட்டு, அடுத்த அறைக்குப் போய்விடுவார். நானும் அப்படித்தான் பத்து நாள் பூசினேன். பதினோராவது நாள் காலையில் அவரைப் பக்கவாட்டில் திருப்பியபோது அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. மரகதம் அக்காவும் இப்படித்தான், வலித்தால் சத்தம் போட மாட்டார்.

நான் கையுறையைக் கழற்றினேன். களிம்பை உள்ளங்கையில் எடுத்துச் சூடாக்கி, கன்றிய இடத்தில் லேசாகவும், இடுப்பில் அழுத்தியும், கால் மணி நேரம் தேய்த்தேன். பூவாசனை அறை முழுக்க வந்தது. அதற்குப் பிறகு என் கால் சும்மா இருக்கவில்லை. பல் தேய்த்திருந்தேன், ஆனால் வயிறு வெறும் வயிறுதான். அவரை மெதுவாகக் குப்புறப் படுக்கவைத்தேன். உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன். மூன்று விரலைக் காட்டி, சுவரில் இருந்த காலண்டரில் மூன்று கட்டங்களைத் தொட்டேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். ஷூவையும் காலுறையையும் கழற்றிவிட்டு, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு கட்டில் மேல் வலது பாதத்தைத் தூக்கி, மூன்று தடவை நீவினேன். குனிந்து தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. எதற்கெடுத்தாலும் ‘டாங்கெ’, நன்றி என்று சொல்லும் அந்த ஊரில் அவர் அதைக்கூடச் சொல்லவில்லை என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை.

மறுநாள் காலை இரண்டாவது தடவை. முடித்துவிட்டுக் கண்ணில் கையை ஒற்றிக்கொண்டு நிமிர்ந்தபோது, கதவில் பதித்திருந்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஷ்வெஸ்டர் ஹில்டே நின்றிருந்தார்.

அவர் பார்த்தது என்ன என்பதை அவர் இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். அடிபட்டுக் கிடக்கும் கிழவியைக் குப்புறத் தள்ளி, வெளிநாட்டிலிருந்து வந்த சின்னப் பெண் ஒருத்தி வெறுங்காலால் முதுகில் மிதிக்கிறாள். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. பிறகு தான் செய்ததை நினைத்து இரு கைகளாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அழுகிறாள். அவர் என்னைத் திட்டவில்லை. வெளியே வரச் சொல்லி, சமையலறைக்கு அனுப்பினார். அன்று முழுக்க நான் உருளைக்கிழங்கு தோல் உரித்தேன்.

பிறகு நடந்ததை ஏலியம்மா சேச்சி மாலையில் வந்து சொன்னார். ஷ்வெஸ்டர் ஹில்டே பாட்டியம்மாவின் அறைக்குப் போய், கட்டிலில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பெண் உங்களை மிதித்தாளா, முன்பும் செய்திருக்கிறாளா என்று கேட்டாராம். பாட்டியம்மா உதட்டை இறுக்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாராம். இரண்டாவது தடவை கேட்டதற்கும் அப்படியே. அதை எல்லோரும் பயம் என்று எடுத்துக்கொண்டார்கள். என்னைக் காட்டிக்கொடுத்தால் நான் இன்னும் ஏதாவது செய்துவிடுவேன் என்ற பயம்.

‘நாளைக்கு டாக்டர் வரும். பத்து மணிக்கு உன்னை விளிக்கும். லெட்டர் டைப் செய்து வச்சிருக்கு மோளே. தகுதியில்லைன்னு’ என்றார் சேச்சி. ‘நீ எந்தினாணு அது செய்தது?’

ஏன் செய்தேன் என்று சொன்னேன். கால் முன்னே பிறந்தது, மூன்று நாள், பேசக் கூடாது எல்லாம். சேச்சி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் ஊரிலும் இது உண்டாம். ‘உண்டு, உண்டு. பட்சே இது ஞான் ஜெர்மனில் எங்ஙனெ பறயும்?’

எனக்கு அப்போது வந்தது கோபம்தான். அழுகை இல்லை. கிளியூரில் எத்தனை முதுகை நிமிர்த்தி வேலைக்கு அனுப்பியவள் நான், பதினைந்து வருஷ அனுபவம், எனக்குத் தகுதியில்லையா என்று தோன்றியது. அதோடு இன்னொன்றும் தோன்றியது. தவறு என்னுடையதுதான். ஊரில் அவர்களாக வந்து பாயில் படுத்தார்கள். இங்கே நானாகக் காலைத் தூக்கினேன். கேட்காமல் செய்யும் உதவி இந்த ஊரில் உதவியில் சேராது என்பதை ஐந்து மாதத்தில் நான் படித்திருக்க வேண்டும்.

மறுநாள் பத்து மணிக்கு டாக்டரின் பரிசோதனை அறையில் நான்கு பேர் இருந்தோம். டாக்டர், ஷ்வெஸ்டர் ஹில்டே, சேச்சி, நான். மேஜைமேல் ஒரு கடித உறை. என்ன நடந்தது என்று சொல்லச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்த ஜெர்மனில் ‘நான், பிறப்பு, முதலில் கால்’ என்றேன். சேச்சி வியர்த்துக்கொண்டே அதை முழு வாக்கியமாக்கினார். டாக்டர் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். பிறகு மிகவும் அக்கறையாக, அப்படிப் பிறந்தவர்களுக்குச் சில சமயம் இடுப்பு மூட்டில் கோளாறு வரும், உனக்கு நடக்கும்போது வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்தது ஏன் என்றார். அது அவர் இடுப்புக்காக என்றேன். யாருடைய இடுப்பு என்றார். சேச்சி கூரையைப் பார்த்தார். ஷ்வெஸ்டர் ஹில்டே மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘நீ ஏன் அழுதாய்?’ என்று கேட்டார். ‘அழவில்லை’ என்றேன். பார்த்ததை இல்லை என்கிறாளே என்று அவர் முகம் இறுகியது. என் வழக்கு அந்த இடத்தில் தோற்றது. எனக்கே தெரிந்தது.

அப்போது கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. யாரும் பதில் சொல்வதற்குள் திறந்தது. ஃப்ராவ் ஹூபர் நின்றிருந்தார். கையில் தடி. பன்னிரண்டு நாளாகக் கட்டிலை விட்டு ஒருவர் துணையில்லாமல் இறங்காதவர், நீளத் தாழ்வாரம் முழுவதையும் தாண்டித் தனியாக நடந்து வந்திருந்தார். இரவு உடுப்புக்கு மேல் ஒரு கம்பளிச் சட்டை, ஒரு பொத்தான் மாற்றிப் போட்டிருந்தது. ஷ்வெஸ்டர் ஹில்டே பாய்ந்து பிடிக்கப் போனார். பாட்டியம்மா தடியால் அவரை விலக்கினார். யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. தடியைச் சுவரில் சாய்த்தார், டாக்டரின் பரிசோதனைக் கட்டில்மேல் முழங்கையை ஊன்றி ஏறினார், முனகிக்கொண்டே குப்புறப் படுத்தார். படுத்தபடி ஒரு கையை மட்டும் பின்னால் நீட்டி, என்னைப் பார்த்து மூன்று விரலைக் காட்டினார். கம்பளிச் சட்டையின் பையிலிருந்து ஆர்னிகா ஜாடி உருண்டு கீழே விழுந்தது.

நான் ஷ்வெஸ்டர் ஹில்டேயைப் பார்த்தேன். இந்தத் தடவை கேட்டேன். ‘செய்யலாமா?’ அந்த ஒரு கேள்வியை எனக்குப் பிழையில்லாமல் கேட்கத் தெரியும். அவர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் தோளைக் குலுக்கினார். ‘செய். நான் பக்கத்தில் நிற்பேன்’ என்றார் ஷ்வெஸ்டர் ஹில்டே.

ஜாடியை எடுத்தேன். களிம்பைத் தேய்த்தேன். ஷூவைக் கழற்றினேன். காலை நீட்டியபோது ஷ்வெஸ்டர் ஹில்டே குனிந்து, என் பாதத்துக்கும் முதுகுக்கும் நடுவே தன் விரல்களை வைத்துப் பார்த்தார், எவ்வளவு பாரம் விழுகிறது என்று. அப்படியே அவர் விரல்மேலேயே ஒரு தடவை நீவினேன். அவர் கையை எடுத்துக்கொண்டார். மூன்று தடவை முடித்து, குனிந்து பாட்டியம்மாவின் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினேன். கை நனைந்துவிட்டது. நிஜமாகவே அழுதுகொண்டிருந்தேன். ஷ்வெஸ்டர் ஹில்டே டாக்டரிடம் தாழ்ந்த குரலில், ‘இது சடங்கின் பகுதி, நேற்றும் செய்தாள்’ என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

பாட்டியம்மா எழுந்து உட்கார்ந்தார். பொத்தானைச் சரியாகப் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தார், திறந்தவர் மூடவே இல்லை. அவர் பேசிய மலைப்பேச்சு எனக்கு ஒரு வரிகூடப் புரியவில்லை. சேச்சிதான் சொல்லிக்கொண்டே வந்தார். அவர் பிறந்த பள்ளத்தாக்கில் ஒரு கொல்லர் இருந்தாராம். தீக்காயத்தையும் சுளுக்கையும் முணுமுணுத்தே இறக்குவாராம். அவரிடம் போனால் நன்றி சொல்லக் கூடாது, காரியம் முடியும்வரை வெளியே பேசக் கூடாது, ஒன்றும் கொடுக்கக் கூடாது. பேசிவிட்டால் பலிக்காது. ‘நாலு வார்த்தை பேசத் தெரியாத பெண் வந்து உதட்டில் விரல் வைத்து, மூன்று என்று காட்டுகிறாள். எனக்குப் புரியாதா? என்னைப் பேசவைக்க நீங்கள்தான் நேற்று துடித்தீர்கள்’ என்று ஷ்வெஸ்டர் ஹில்டேயைத் திட்டினார்.

குணமானது பூவாலா, தேய்த்ததாலா, பன்னிரண்டு நாள் படுத்திருந்ததாலா, என் காலாலா என்று இப்போது கேட்டால், நர்ஸ் என்ற முறையில் என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. அதை இங்கே எழுதப் போவதில்லை. ஷ்வெஸ்டர் ஹில்டே கடித உறையை எடுத்து மேஜை இழுப்பறையில் போட்டார். இனிமேல் யாருக்கும் காலால் வைத்தியம் செய்ய மாட்டேன் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அதோடு எல்லோருக்குமாக ஒரு புது உத்தரவும் போட்டார்: ஆர்னிகா பூசும்போது தோல் கிழியாத இடத்தில் கையுறை வேண்டாம், உட்கார்ந்து பூச வேண்டும், குறைந்தது ஐந்து நிமிஷம். சேச்சி அதைப் படித்துவிட்டு, ஐந்து நிமிஷம் அதிகம், வேலை முடியாது என்று என்னைத்தான் திட்டினார்.

ஆறாவது மாதம் முடிந்ததும் என்னைப் படிப்பில் சேர்த்தார்கள். மூன்று வருஷம், நடுவில் ஊருக்குப் போக முடியாது. கையெழுத்துப் போட்ட அன்று தெருவில் நடக்கும்போது அந்த ஊரையே எனக்கு எழுதிக் கொடுத்தது போலிருந்தது.

அந்த வாரமே வீட்டிலிருந்து கடிதம் வந்தது. அப்பா எழுதுவார், அம்மா சொல்லுவாள். முதல் பக்கம் அப்பாவின் ரைட்டர் கையெழுத்தில் யாவரும் நலம், மழை, பழம் இந்த வருஷம் நல்ல எடுப்பு என்று போகும். ‘இனி அம்மா சொல்வது’ என்று ஒரு கோடு போட்டு, அதற்குக் கீழே அம்மா பேசுவதை அப்படியே எழுதுவார். அதில் இப்படி இருந்தது:

‘கண்ணு, மரகதத்துக்கு மறுபடியும் இடுப்பு புடிச்சுக்கிச்சு. எடுப்பு நேரம், கூலி போயிருமேன்னு வந்து உக்காந்துக்கிட்டு அழுவறா. நீ எப்ப வருவீன்னு கேக்கறா. நா என்னன்னு சொல்றது? களிம்பு போட்டுப் பாத்தேன், கேக்கல. அப்பறம் நீ பின்வாசல்ல உட்டுட்டுப் போன ரப்பர் செருப்ப எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவி, மஞ்சத்தண்ணி தெளிச்சு, அதக் கையில புடிச்சுக்கிட்டு மூணு நாளு மூணு தடவ நீவி உட்டேன். செருப்புன்னு அவகிட்டச் சொல்லல. மூணாம் நாளு கூடையத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா. நேத்து இன்னும் ரெண்டு பேரு வந்தாங்க. நான் செஞ்சது சரியா தப்பான்னு எழுது சாமி.’

படித்துவிட்டுச் சிரித்தேன். ஒருவர்மேல் செருப்புப் பட்டால் ஊரில் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும், அதையும் துணிந்து என் அம்மா செய்திருக்கிறாள். சிரிப்பு அடங்கியதும், ஜன்னலோரம் தடித்த கம்பளிக் காலுறைக்குள் இருந்த என் இரண்டு கால்களையும் பார்த்தேன். அவை இங்கே ஒருவர் முதுகைத் தொடுவதில்லை என்று கையெழுத்துப் போட்டிருந்தன. அங்கே அவை இல்லாமலே அவற்றின் வேலை நடந்துகொண்டிருந்தது. நான் எந்த ஊரில் இருக்கிறேன் என்று அந்த நிமிஷம் யாராவது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

அன்றே பதில் எழுதினேன். நீ செய்தது சரிதான் அம்மா, அந்தச் செருப்பைத் தூக்கிப் போட்டுவிடாதே, வார் அறுந்தால் புது வார் மாற்றி வை என்று எழுதினேன்.